தடிப்பான பைப் போட்டால் ஷாஃப்ட் உடையாதா?

உப்புவெளித் தம்பி ஒருவர் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். அவரிடம் பழைய டொயோட்டா கிரெசிடா கார் ஒன்று இருக்கிறது. அதில் 1ஜேசெட் டர்போ எஞ்சினும் ஐந்து கியர் பெட்டியும் ஏற்றியிருக்கிறார். 110-ஐத் தாண்டினால் சீட்டுக்கு அடியில் ஒரு அதிர்வு. அங்கேதான் ஷாஃப்ட் ஓடுகிறது, கியர் பெட்டியிலிருந்து பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீளமான குழாய். லேத்காரர் பார்த்துவிட்டு, இந்த இரண்டு துண்டு ஷாஃப்ட்டைத் தூக்கி எறி, 5 மில்லிமீட்டர் தடிப்புப் பைப்பில் ஒரே துண்டாக அடித்துத் தருகிறேன், வாழ்நாளுக்கும் உடையாது என்கிறாராம். கூட்டாளி ஒருவர் ஷாஃப்ட் கழன்று கார் எழும்பிப் புரளும் வீடியோவை அனுப்பி வயிற்றில் புளியைக் கரைக்கிறார். அடுத்த முறை கட்டுக்குருந்தைக் கார் ஓட்டப் போட்டிக்குப் போக எண்ணம். ஒரே துண்டு போடலாமா, வீடியோவில் நடந்தது எனக்கும் நடக்குமா என்பதுதான் கேள்வி.

பார்த்தால் பைப் தடிப்பைப் பற்றிய கேள்வி போலத் தெரியும். உண்மையில் இரண்டு கேள்விகள் ஒன்றாக முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. ஒன்று, எஞ்சினின் இழுவையைத் தாங்குமா. மற்றது, வேகத்தைத் தாங்குமா. லேத்காரர் முதலாவதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். உங்களுக்கு வந்திருக்கும் பிரச்சினையோ இரண்டாவது.

நான் படித்த பொறியியலாளன் இல்லை. துபாயில் ஷாஃப்ட் வெட்டி, ஒட்டி, பலன்ஸ் பண்ணும் பட்டறை ஒன்றில் 9 வருடம் வேலை செய்தேன். திரும்பி வந்து திருகோணமலையில் கராஜ் வைத்து 17 வருடமாகிறது. லொறி, வான், ஜீப் ஷாஃப்ட் எத்தனையோ கையால் போயிருக்கிறது, ஓட்டப் போட்டிக் கார்கள் அவ்வளவு இல்லை. உங்கள் காரை நான் பார்க்கவும் இல்லை. கணக்கில் வருவதை உறுதியாகச் சொல்வேன், உங்கள் அதிர்வுக்குக் காரணம் எது என்பதை ஊகமாகத்தான் சொல்ல முடியும்.

முதலில் இழுவை. ஆரம்பகால 1ஜேசெட் டர்போவுக்கு ஜப்பானில் சொன்ன முறுக்கு விசை, அதாவது சுழற்றும் பலம், 363 நியூட்டன் மீட்டர். அந்த எஞ்சினோடு வரும் கியர் பெட்டியில் முதல் கியர் ஏறக்குறைய 3.25. பெருக்கினால் ஷாஃப்ட்டுக்கு வருவது 1,180 அளவு. சாதாரண 76 மில்லிமீட்டர் வெளிவிட்டம், 2 மில்லிமீட்டர் தடிப்பு இரும்புப் பைப் நிரந்தரமாக முறுகிப்போக 3,000-க்கு மேல் வேண்டும். அதுவும் போக, அந்த 1,180 முழுவதும் ஷாஃப்ட்டுக்கு வரவே டயர் விடாது. பின்பக்கம் 700 கிலோ பாரம், சாதாரண ரோட்டு டயர், டிஃப் (பின் அக்சில் நடுவிலுள்ள பல்லுப் பெட்டி) 4.1 விகிதம் என்று வைத்தால், ஷாஃப்ட்டில் ஏறக்குறைய 500 நியூட்டன் மீட்டர் வரும்போதே டயர் வழுக்கத் தொடங்கிவிடும். டயர்தான் உங்கள் ஃபியூஸ். ஓட்டப் போட்டிக்கென்று ஒட்டும் டயர் போட்டு, கிளச்சை ஒரேயடியாக விட்டு, பின் அக்சில் துள்ளித் துள்ளிப் பிடிக்கும்போதுதான் கணக்கை மீறிய அடி விழும். அப்போதும் முதலில் போவது பைப் இல்லை. ஷாஃப்ட் முனைகளில் கோணம் மாற விடும் சிலுவை இணைப்பான கிறொஸ் போகும், அல்லது பக்க அக்சிலின் பல்லு வெட்டிய முனை போகும். பைப்பைத் தடிப்பாக்கியதால் பிழைத்த ஷாஃப்ட் என்று ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை.

இனி வேகம். சின்னப் பிள்ளைகள் கயிறடித்து விளையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பேர் இரண்டு முனையையும் பிடித்துச் சுழற்ற, நடுக்கயிறு வயிறு தள்ளி வெளியே போகும். நீளமான ஷாஃப்ட்டும் ஒரு குறிப்பிட்ட சுற்றில் அதைத்தான் செய்யும். இரும்பு என்றாலும் அதற்கும் ஓர் இயல்பான ஆட்டம் இருக்கிறது. சுழலும் வேகம் அந்த ஆட்டத்தோடு ஒன்றிப்போனால் நடுப்பகுதி வில்லாக வளையத் தொடங்கும், வளைந்தது இன்னும் வெளியே இழுக்கும், சில விநாடிகளில் பைப் மடிந்துவிடும் அல்லது கிறொஸ் பிய்ந்துவிடும். கிரிட்டிக்கல் ஸ்பீட் என்பது இதைத்தான். எவ்வளவு குதிரைச் சக்தி என்று இது கேட்காது. 80 குதிரைச் சக்தி வானிலும் போதிய வேகம் போனால் நடக்கும்.

இரும்புக் குழாய்க்குக் கணக்கு எளிது. வெளிவிட்டத்தின் வர்க்கத்தையும் உள்விட்டத்தின் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள், அதை 12 கோடியே 10 இலட்சத்தால் பெருக்கி, நீளத்தின் வர்க்கத்தால் வகுங்கள், எல்லாம் மில்லிமீட்டரில். நீங்கள் கொடுத்த நீளம், முன் கிறொஸ் நடுவிலிருந்து பின் கிறொஸ் நடுவரை 1,500. 76-க்கு 2 பைப் என்றால் நிமிடத்துக்கு 5,600 சுற்று வருகிறது. இப்போது லேத்காரர் சொன்ன 5 மில்லிமீட்டர் தடிப்பைப் போட்டுப் பாருங்கள். உள்விட்டம் 72-இலிருந்து 66 ஆகிறது. விடை 5,400. கூடவில்லை தம்பி, குறைந்திருக்கிறது. பைப்பின் பாரம் மட்டும் ஐந்தரைக் கிலோவிலிருந்து 13 கிலோவாக ஏறிவிட்டது. உடைந்து வெளியே வந்தால் உங்கள் காலுக்கடியில் சுற்றப்போவது அந்த 13 கிலோதான்.

5,600 சுற்று என்பது ரோட்டில் எவ்வளவு? ஷாஃப்ட் கியர் பெட்டிக்குப் பின்னால் இருப்பதால் நீங்கள் எந்தக் கியரில் போகிறீர்கள் என்பது அதற்குப் பொருட்டில்லை. கார் போகும் வேகமும் டிஃப் விகிதமும் டயர் உயரமும்தான் கணக்கு. 64 சென்ரிமீட்டர் உயர டயர், டிஃப் 4.1 என்றால் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஷாஃப்ட் நிமிடத்துக்கு 3,400 சுற்று அளவு ஓடும். 5,600 வருவது 164-இல். தொழிலில் இருக்கும் வழக்கம், கணக்கில் வந்த எண்ணின் முக்கால் பங்குக்கு மேல் ஓட விடுவதில்லை. முக்கால் என்றால் 4,200, அதாவது 123 கிலோமீட்டர். நீங்கள் கட்டுக்குருந்தையில் தொடப்போகும் வேகம் அதற்கு மேலே என்பது உங்களுக்கே தெரியும்.

இந்த முக்கால் பங்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அது இயற்கை விதியில்லை, கைப்பாதுகாப்பு. கணக்கு, இரண்டு முனையும் பாறையில் பதித்ததுபோல அசையாமல் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. உங்கள் காரில் ஒரு முனை ரப்பர் மவுண்டில் தொங்கும் கியர் பெட்டியின் வாலில் இருக்கிறது. பைப் நூறு வீதம் நேராக இல்லை. கிறொஸ் கொஞ்சம் தேய்ந்திருக்கும். இவை ஒவ்வொன்றும் உண்மை எல்லையைக் கீழே இழுக்கும். எவ்வளவு கீழே என்பது காருக்குக் கார் மாறும். ஓடவிட்டு அளந்தால்தான் தெரியும், அளப்பதற்கு ரோட்டு சரியான இடமுமில்லை.

நீளத்தை வர்க்கமாக்கி வகுப்பதால்தான் டொயோட்டாக்காரன் ஷாஃப்ட்டை இரண்டு துண்டாக்கி நடுவில் ஒரு பெயரிங் வைத்தான். 1,500-ஐப் பாதியாக்கினால் எல்லை நான்கு மடங்கு. கணக்கில் 22,000-ஐத் தாண்டிப் போய்விடும், எந்தக் காருக்கும் தேவைப்படாத எண். அந்த நடு பெயரிங்கைச் செலவு கூடிய தொல்லை என்று நினைத்து ஒரே துண்டாக்குகிறவர்கள் நிறையப் பேர். குட்டிக் காரில் பரவாயில்லை: ஷாஃப்ட் 1,200 என்றால் அதே பைப்பில் 8,700 வரும், தாராளம். உங்கள் காரின் நீளத்துக்கு அது சரிவராது.

ஒரே துண்டுதான் வேண்டும் என்றால் வழி தடிப்பில் இல்லை, விட்டத்தில். 100 மில்லிமீட்டர் பைப்பை அதே 2 மில்லிமீட்டர் தடிப்பில் போட்டால் 7,400 அளவு வரும். அது உங்கள் காரின் அடித்தளக் குகைக்குள் எக்ஸ்ஹோஸ்ட்டோடு சேர்ந்து அடங்குமா என்பது வேறு கதை. அலுமினியம் போட்டால் எல்லை ஏறிவிடும் என்று பலர் கதைக்கிறார்கள். அலுமினியம் இரும்பைவிட மூன்றில் ஒரு பங்கு பாரம், ஆனால் விறைப்பும் மூன்றில் ஒரு பங்குதான். ஒன்றை ஒன்று ஈடுகட்டிவிடும். ஒரே அளவுக் குழாயில் இரண்டுக்கும் கிரிட்டிக்கல் வேகம் ஏறக்குறைய ஒன்றே. அலுமினியத்தின் நன்மை, பாரம் ஏறாமல் விட்டத்தைப் பெருப்பிக்கலாம் என்பதுதான். உண்மையில் கணக்கையே மாற்றுவது கார்பன் ஃபைபர். விறைப்பு கூடவும் பாரம் குறைவாகவும் இருப்பதால் நீளமான ஒரே துண்டே வேகமாக ஓடும். மஸ்டா ஆர்எக்ஸ்-8 அப்படி வந்தது. நிசான் ஜிடி-ஆர் ஆர்35-இல் எஞ்சின் முன்னால், கியர் பெட்டி பின்னால்; அதனால் அந்த ஷாஃப்ட் எந்நேரமும் எஞ்சின் வேகத்திலேயே சுற்ற வேண்டும், அதற்குத்தான் கார்பன். உடைந்தாலும் அது தும்புத் தும்பாகப் பிரியும், இரும்பைப்போலத் தடியாகச் சுழன்று அடிக்காது. விலையைக் கேட்டால் உங்கள் எஞ்சின் விலை ஞாபகம் வரும், அதனால் அதை இதோடு விடுகிறேன்.

இன்னொன்று, அதிகம் பேர் கவனிக்காதது. கிறொஸ் ஒரு கோணத்தில் வேலை செய்யும்போது ஷாஃப்ட் ஒரு சுற்றுக்குள் இரண்டு தரம் வேகம் கூடிக் குறையும். அந்த இரண்டு தட்டல், கிரிட்டிக்கல் வேகத்தின் பாதியிலேயே ஷாஃப்ட்டைக் கிளப்பிவிடும். 5,600-இன் பாதி 2,800, அதாவது 82 கிலோமீட்டர். லேத்காரரின் ஒரே துண்டைப் போட்டால் 80-85-இல் ஒரு இரைச்சல் வந்து, 95-இல் மறைந்துபோகும். மறைந்ததும் சரியாகிவிட்டது என்று நினைத்து மிதிப்பீர்கள். அது சரியாகவில்லை, அடுத்த எல்லைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

சரி, இப்போது இருக்கும் அதிர்வு. அது சக்கரமா ஷாஃப்ட்டா என்பதை முதலில் பிரியுங்கள். 100-இல் சக்கரம் விநாடிக்கு 14 தரம் சுற்றும், ஷாஃப்ட் 57 தரம். அதனால் சக்கரம் என்றால் உதறும், ஸ்டியரிங்கிலோ இருக்கையிலோ கையெண்ணிக்கைக்கு எட்டுவதுபோல இருக்கும். ஷாஃப்ட் என்றால் உறுமும், தளத்தில் காலை வைத்தால் உள்ளங்கால் கூசும். அதிர்வு வரும் வேகத்தில் கிளச்சை மிதித்து எஞ்சினை ஐட்லுக்கு விடுங்கள். நின்றுவிட்டால் எஞ்சின் பக்கம். நிற்காமல் வேகத்தோடு மெல்லக் குறைந்தால் ஷாஃப்ட் அல்லது சக்கரம். மிதிக்கும்போது ஒரு விதமும் காலை எடுக்கும்போது வேறு விதமும் என்றால் கோணம்.

என் சந்தேகம் கோணத்தில்தான் விழுகிறது, ஏனென்றால் உங்கள் எஞ்சின் மவுண்ட் கம்பனியில் செய்தது இல்லை. எஞ்சின் மாற்றும்போது சம்ப் என்ற எண்ணெய்த் தொட்டி தட்டாமல் இருக்க முன்பக்கத்தைத் தூக்குவார்கள், கியர் பெட்டியின் வால் கீழே சாயும். கியர் பெட்டி வெளிவரும் தண்டும் டிஃப் மூக்கும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக இருக்க வேண்டும். ஒரு பாகைக்குள் வித்தியாசம் வரலாம், அதற்குமேல் வேண்டாம். ஒவ்வொரு கிறொஸும் 1 முதல் 3 பாகைக்குள் வேலை செய்தால் நல்லது. பூச்சியமும் வேண்டாம்; அசைவே இல்லாவிட்டால் ஊசிப் பெயரிங் ஒரே இடத்தில் குத்திப் பள்ளம் போட்டுக்கொள்ளும். 3 பாகை 8 பாகையானால் அந்த வேக ஏற்றத்தாழ்வு ஏழு மடங்காகும். போனில் இருக்கும் மட்டம் பார்க்கும் செயலியை வைத்தே அளக்கலாம், சக்கரம் நான்கும் தரையில் பாரத்தோடு நிற்க வேண்டும். ஜக்கில் தொங்கவிட்டு அளந்தவர்கள் எனக்குச் சொன்ன எண்களை வைத்து நான் பலமுறை ஏமாந்திருக்கிறேன்.

அதற்கு அடுத்தது நடு பெயரிங்கின் ரப்பர், பிறகு பலன்ஸ். பைப் மேற்பரப்பில் 10 கிராம் ஒருபக்கம் கூடினால், 80-இல் மூன்று கிலோ எடை இழுப்பதற்குச் சமம்; 160-இல் கிட்டத்தட்ட 13 கிலோ. வேகம் இரட்டித்தால் அடி நான்கு மடங்கு. பழைய ஷாஃப்ட்டைக் கழற்றும்போது விளிம்புகளில் பெயின்ட் கோடு போடாமல் கழற்றியிருந்தால், ஷாஃப்ட் நீண்டு சுருங்க விடும் வழுக்குப் பல்லு ஒன்று மாறி ஏறியிருந்தால், அதுவே போதும் இந்த அதிர்வுக்கு. அண்மையில் யாரும் கழற்றினார்களா என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு நோயும் இருக்கிறது, உப்பு. 2014-இல் என் கராஜுக்கு மீன் வான் ஒன்றைக் கட்டியிழுத்து வந்தார்கள். இரவில் ஐஸ் மீன் ஏற்றிப் பேலியகொடை மீன் சந்தைக்குப் போய் வரும் வான். பெட்டியில் உருகும் உப்புத் தண்ணீர் ஒவ்வொரு பயணத்திலும் நேராக நடு பெயரிங்கின் மேல் சொட்டியிருக்கிறது. கந்தளாய் தாண்டித் திரும்பி வரும்போது நடு பெயரிங்குக்குப் பின்னால் உள்ள கிறொஸ் பிய்ந்து, பின் ஷாஃப்ட்டின் முன்முனை ரோட்டில் விழுந்துவிட்டது. வான் ஒருதரம் துள்ளியதாம். பிறகு அந்தத் தடி சுழன்று சுழன்று தளத்தை அடித்து, பின் பிரேக் பைப்பையும் வெட்டிவிட்டது. பெடல் பாதிக்கு மேல் இறங்கிப்போனாலும் முன் பிரேக் தனிச் சுற்று என்பதால் பிடித்தது. டிரைவர் 60-க்குக் கீழேதான் வந்திருக்கிறார். அதனால்தான் கதை சொல்ல வந்தார். அவர் என்னிடம் முதலில் சொன்னது, “அண்ணை, கியரைக் குறைச்சுப் பிடிக்கப் பார்த்தன், ஒண்டும் பிடிக்கேல்லை.” பிடிக்காது. ஷாஃப்ட் போனால் எஞ்சின் பிரேக்கும் சேர்ந்து போய்விடும்.

கிறொஸைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தொப்பியைத் தட்டிக் கழற்றியதும் கிரீஸ் வரவில்லை, செங்கல் தூள் கொட்டியது. ஊசிகள் பாதி தூளாகி, மீதி தண்டின் மேல் நகக்கீறல்போலத் தடம் போட்டிருந்தன. உடைந்த முகத்தில் ஒரு மூலையிலிருந்து வளைவு வளைவாகக் கோடுகள், நிலாவெளியில் அலை பின்வாங்கும்போது மணலில் விடுமே, அச்சாக அதே வரிகள். அந்த வரி இருந்தால் அது ஒரு நாளில் உடைந்ததில்லை. ஒரு துருப் புள்ளியில் வெடிப்புத் தொடங்கி, மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஊர்ந்து, கடைசியில் மிச்சமிருந்த ஒரு சிறு பகுதி மட்டும் ஒரேயடியாகப் போயிருக்கிறது. ஒரே அடியில் போன உடைவு வேறு மாதிரி இருக்கும்: மென்மையான இரும்பு தட்டையாக வெட்டுப்பட்டு முறுகின அடையாளத்தோடு, கடினமாக்கிய அக்சில் என்றால் 45 பாகையில் திருகாணி போலச் சுற்றி. உடைந்த துண்டைக் குப்பையில் போடாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்வது இதற்குத்தான். அது எப்படி உடைந்தது என்று அதிலேயே எழுதியிருக்கும். உங்கள் காரில் கிறொஸ் தொப்பியின் சீல் ஓரமாகச் சிவப்புத் தூள் தெரிந்தால் வேறு ஆராய்ச்சி வேண்டாம், மாற்றுங்கள். முதல் கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது ‘டிங்’ என்றால் கிறொஸாகவும் இருக்கலாம், டிஃப் பல்லு இடைவெளியாகவும் இருக்கலாம். அந்தச் சத்தத்தை மட்டும் வைத்து நான் தீர்ப்புச் சொல்வதில்லை.

இனி அந்த வீடியோ. பயப்பட வேண்டியதுதான், ஆனால் எந்த முனை விழுகிறது என்பதைப் பொறுத்தது. பின் கிறொஸ் போனால் ஷாஃப்ட் பின்பக்கமாக இழுபட்டு வரும். அசிங்கமாக அடிக்கும், பெட்ரோல் பைப்பையும் வெட்டலாம், ஆனால் காரைத் தூக்குவது அரிது. முன் கிறொஸ் போனால் முன்முனை ரோட்டில் குத்தி, கார் தன் வேகத்திலேயே அந்தத் தடியின் மேல் ஏறப் பார்க்கும். ரோட்டில் ஒரு பள்ளமோ பாலத்து இணைப்போ இருந்து முனை அதில் மாட்டினால்தான் அந்த வீடியோ. அடிக்கடி நடப்பதில்லை. நடந்தால் உங்கள் கையில் எதுவும் இருக்காது.

அதற்குத்தான் ஷாஃப்ட் வளையம். அமெரிக்காவில் நேர்கோட்டுக் கார் ஓட்டப் போட்டிகளை நடத்தும் என்எச்ஆர்ஏ அமைப்பின் விதிகளில், கால் மைலை 13.99 விநாடிக்குள் ஓடும், தடம் வெட்டாத ஸ்லிக் டயர் போட்ட கார்களுக்கு இது கட்டாயம். ரோட்டு டயர் என்றால் 11.49-க்கு மேலே ஓடும்வரை விலக்கு உண்டு. வளையம் ஷாஃப்ட்டை முழுச் சுற்றாகச் சூழ வேண்டும், முன் கிறொஸிலிருந்து 6 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும், பட்டை இரும்பு என்றால் கால் அங்குலத் தடிப்பும் 2 அங்குல அகலமும். 6 அங்குலம் என்பதன் காரணம் மேலே சொன்னதுதான்: முன்முனை விழக்கூடாது. நடுவில் கட்டிய வளையம் பார்வைக்கு அழகு, அவ்வளவுதான். உங்கள் இரண்டு துண்டு ஷாஃப்ட்டுக்கு நான் என்றால் இரண்டு வளையம் போடுவேன், முன் கிறொஸுக்கு ஒன்று, நடு பெயரிங்குக்குப் பின்னால் உள்ள கிறொஸுக்கு ஒன்று. தளத்துத் தகரத்தில் தானே துளைக்கும் ஸ்குரூவால் பிடிக்க வேண்டாம். உள்ளே தகடு வைத்து, நட் போல்ட்டால், குறுக்குச் சட்டத்தோடு சேர்த்து. பின் அக்சில் மேலே ஏறும்போது ஷாஃப்ட் வளையத்தில் உரசாமல் ஓரங்குல இடைவெளி விடுங்கள்.

வளையம் உடைவதைத் தடுக்காது, உடைந்தது எங்கே போகும் என்பதைத்தான் தீர்மானிக்கும். சுழலும் இரும்புக்குப் பக்கத்தில் காலை வைத்திருப்பது என்றால் என்ன என்பதற்கு அமெரிக்க ஓட்டப் போட்டி வீரர் டொன் கார்லிட்ஸ் கதை போதும். 1970-இல் கலிஃபோர்னியாவில் லயன்ஸ் ஓடுபாதையில் அவரது டிராக்ஸ்டர் என்ற நேர்கோட்டுப் போட்டிக் காரின் கியர் அமைப்பு வெடித்து வலது பாதத்தின் ஒரு பகுதி போனது. அதற்குப் பிறகு அவர் எஞ்சினையே தனக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். பிறகு எல்லோரும் அப்படியே செய்தார்கள்.

ஓடும்போது ‘டமார்’ என்று கேட்டால் என்ன செய்வது என்றும் கேட்டிருந்தீர்கள். காலை அக்சிலரேட்டரிலிருந்து எடுத்து உடனே கிளச்சை மிதியுங்கள். கியர் பெட்டிப் பக்கம் தொங்கும் துண்டு அப்போதுதான் சுற்றுவதை நிறுத்தும். டிஃப் பக்கத்துத் துண்டு சக்கரம் நிற்கும்வரை சுற்றிக்கொண்டுதான் இருக்கும். ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். பிரேக்கை ஒருதரம் மெல்லத் தொட்டுப் பாருங்கள், பெடல் வழக்கம்போல இருந்தால் படிப்படியாக அழுத்துங்கள். திரும்ப மிதித்துப் பார்க்கிற ஆசை எல்லோருக்கும் வரும், வேண்டாம். நின்ற பிறகு சக்கரத்துக்குக் கல்லு வையுங்கள். ஓட்டோ கியர் காரில் பி-யில் போட்டது ஷாஃப்ட் வழியாகத்தான் சக்கரத்தைப் பூட்டுகிறது. ஷாஃப்ட் இல்லாவிட்டால் பி-யும் இல்லை. பழைய லான்ட் ரோவரிலும் பல சிறிய லொறிகளிலும் கைப்பிரேக்கே கியர் பெட்டிக்குப் பின்னால் ஷாஃப்ட்டின் மேல்தான் இருக்கிறது. மேட்டில் நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்துவிட்டு அடியில் படுத்து ஷாஃப்ட்டைக் கழற்றப் போகிறவர்கள் இதைத் தயவுசெய்து இரண்டு முறை வாசியுங்கள்.

பதிலுக்குக் கீழே ஹொண்டா ஃபிட் கார் வைத்திருக்கும் ஒருவர் தனக்கும் இது பொருந்துமா என்று கேட்டிருக்கிறார். முன் சக்கர ஓட்டக் காரில் நீளமான ஷாஃப்ட் இல்லை, இரண்டு பக்கமும் குட்டை அக்சில், அதனால் கயிறடிக்கும் பிரச்சினை இல்லை. ஆனால் உப்பு உண்டு. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் ஹொண்டா, பனிக்கு ரோட்டில் உப்புத் தூவும் மாநிலங்களில் ஓடிய பழைய ஃபிட் உட்படச் சில கார்களை அக்சில் துருப்பிடித்து உடையலாம் என்று திருப்பி அழைத்தது. நமக்கு உப்பைத் தூவ ஆள் வேண்டாம், கடற்காற்றே கொண்டுவரும். டச்சுக் குடாப் பக்கம் நிறுத்துகிற கார்களின் அக்சில் நடுவை விரலால் தடவிப் பாருங்கள், செதில் செதிலாக உரிந்தால் கராஜுக்குப் போங்கள். அக்சில் மூட்டை மூடும் ரப்பர் உறையான பூட் கிழிந்து கிரீஸ் வெளியே தெறித்திருந்தாலும் அப்படியே. அக்சில் உடைந்தால் எஞ்சின் உறுமும், ஸ்பீடோ ஓடும், கார் ஓடாது.

தம்பிக்குத் திரும்ப வருகிறேன். ஒரே துண்டு வேண்டாம். இருக்கும் இரண்டு துண்டையே கழற்றி, மூன்று கிறொஸும் நடு பெயரிங்கும் புதிதாகப் போட்டு, பைப்பை லேத்தில் சுழற்றி டயல் கேஜ் வைத்துப் பாருங்கள். அரை மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் பைப்பையும் மாற்றுங்கள், அதே விட்டம், அதே தடிப்பு. லேத்காரரை விட்டுவிடத் தேவையில்லை, வெல்டிங் நேராகப் பிடிக்கத் தெரிந்தவர் என்றால் அவரே இதைச் செய்யலாம். பலன்ஸ் மட்டும் மெஷின் உள்ள இடத்தில். கிறொஸ் போடும்போது கிளிப் உட்காரும் பள்ளத்தில் அடித்துக் காயப்படுத்தாமல் பிரஸ்ஸில் ஏற்றச் சொல்லுங்கள், வெடிப்பு தொடங்க அந்தக் காயம் போதும். விளிம்பு போல்ட்டுகள் பழையதைத் திரும்பப் போட வேண்டாம்.

அதுவரை 80-க்கு மேல் போக வேண்டாம். சட்டப்படி ஊருக்கு வெளியே காருக்கு 70-தான், ஹபரணைப் பக்கம் இரவில் யானை வேறு. கோணத்தை அளந்து நான்கு எண்ணையும், அதாவது கியர் பெட்டி, முன் துண்டு, பின் துண்டு, டிஃப் மூக்கு, இங்கேயே எழுதுங்கள். வாலைத் தூக்க வேண்டுமா, டிஃப்பைச் சரிக்க வேண்டுமா என்று அந்த எண்ணைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.